அணியும் பொருளும்: ‘பிளாக் பாந்தர்’ திரைப்படத்தின் ஆடைக் குறியீடுகள்

நாட்டிய நூலார் அபிநயத்தை நான்காக வகுத்துரைப்பர். உறுப்புகளால் நிகழ்வது ஆங்கிகம்; சொல்லால் நிகழ்வது வாசிகம்; உள்ளத்துணர்வு மெய்யிற் புலப்படுவது சாத்துவிகம்; ஆடை, அணி, ஒப்பனை என்பவற்றால் நிகழ்வது ஆகாரியம். இந்நான்கனுள் ஆகாரியத்தைத் திரைப்படத் திறனாய்வாளர் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. கதை, உரையாடல், நடிப்பு, ஒளிப்பதிவு என்பன பற்றி விரிவாகப் பேசிவிட்டு, ஆடையைப் பற்றி இறுதியில் ஒரு வரி எழுதி அமைவதே பெரும்பான்மை வழக்கு. ஆயின், சூப்பர் ஹீரோ என வழங்கப்படும் அதிமானிட வீரரைப் பற்றிய படங்களில் இம்முறை பொருந்தாது. அத்தகைய வீரனின் முகத்தை மூடி மறைக்கிறது. உடலைக் கவசம் மறைக்கிறது. கண்ணும் புருவமும் இதழும் காட்ட வேண்டிய மெய்ப்பாட்டுக்கு அங்கே இடமில்லை. நடிகன் இழந்த மொழியை ஆடையே பேச வேண்டியதாகிறது. எனவே, இவ்வகைப் படத்தில் ஆடையை ஆராய்தல் புறத்தை ஆராய்தல் அன்று, பாத்திரத்தையே ஆராய்தலாகும்.

இவ்வாராய்ச்சிக்கு மிகப் பொருத்தமான படம், 2018ஆம் ஆண்டு வெளிவந்த ‘பிளாக் பாந்தர்’ ஆகும். கருஞ்சிறுத்தை என்பது அப்பெயரின் பொருள். றையன் கூக்லர் நெறிப்படுத்திய இப்படத்தின் ஆடைகளை அமைத்தவர் ரூத் காட்டர் என்னும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி. ‘மல்கம் எக்ஸ்’ (1992), ‘அமிஸ்டாட்’ (1997) ஆகிய படங்களுக்காக முன்னரே ஒஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்ட அவர், இப்படத்துக்காக 2019ஆம் ஆண்டு அப்பரிசைப் பெற்றார். ஆடையமைப்புக்கான ஒஸ்காரைப் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே.

கதை வருமாறு: ஆபிரிக்காவின் நடுவே வகாண்டா என்றொரு கற்பனை நாடு உண்டு. வைபிரேனியம் என்னும் அரிய உலோகம் அந்நாட்டில் நிறைந்துள்ளது. அதன் துணையால் உலகில் எந்நாட்டிலும் காணாத தொழில்நுட்பத்தை எய்திய வகாண்டா மக்கள், அச்செல்வத்தைப் பிறர் அறியாவண்ணம் மறைத்து வாழ்கின்றனர். அயலார் எவரும் அந்நாட்டை அடிப்படுத்தியதில்லை. அந்நாட்டு மன்னனே கருஞ்சிறுத்தையின் கவசத்தை அணிபவன். தந்தை இறந்தபின் அரியணை ஏறும் டிசாலாவை எதிர்த்து, அமெரிக்காவிலே அநாதையாக வளர்ந்த அவன் சிற்றப்பன் மகன் கில்மொங்கர் வருகிறான். உலகெங்கும் ஒடுக்கப்பட்ட கறுப்பின மக்களுக்கு வகாண்டா ஏன் கைகொடுக்கவில்லை என்பதே அவன் எழுப்பும் வினா.

ஆடையமைப்பாளர் முன் நின்ற சிக்கல் இக்கதையிலிருந்தே பிறக்கிறது. அயலாட்சி தீண்டாத ஆபிரிக்க நாடொன்று இன்றுவரை செழித்திருக்குமாயின் அதன் மக்கள் எவ்வாறு உடுப்பர்? வகாண்டா என்றொரு நாடு இல்லை. எனவே வகாண்டாவுக்கெனத் தனி ஆடை மரபும் இல்லை. உண்மையில் வாழும் பல மக்களினங்களின் ஆடையணிகளை எடுத்தே அக்கற்பனை நாட்டை உடுத்த வேண்டியிருந்தது. தென்னாபிரிக்காவின் சூலு மக்கள், என்டெபெலே மக்கள், லெசோத்தோவின் பசோத்தோ மக்கள், நமீபியாவின் ஹிம்பா மக்கள், கிழக்காபிரிக்காவின் மசாய் மக்கள், எதியோப்பியாவின் முர்சி, சூரி மக்கள் ஆகிய பலரின் குறியீடுகள் ஒரே படத்தில் வந்து கூடியிருப்பது இதனாலேயே. ஓர் இனத்தின் வழக்கத்தோடு வேரூன்றிய குறியீட்டைப் பிடுங்கி வேறோரிடத்தில் நட்டால் அது உயிர் வாழுமா, அன்றி வெறும் அழகாய்ச் சருகாகுமா என்பதே இங்கு தீர்மானிக்க வேண்டிய வினா.

தமிழிலே அணி என்னும் ஒரே சொல் உடலிற் பூணும் நகையையும் செய்யுளின் அழகையும் குறிக்கிறது. செய்யுளில் அணி பொருளுக்குத் துணைநின்றால் அழகாகும். பொருளோடு ஒட்டாது நின்றால் சுமையாகும். ஆடைக்கும் இவ்வளவுகோலே ஏற்புடைத்து. ஒரு குறியீடு எவ்வினத்திலிருந்து வந்தது என்று அறிவதோடு திறனாய்வு நின்றுவிடலாகாது. அது கதையினுள் தொழிற்படுகின்றதா என்பதையும் காணுதல் வேண்டும்.

முதற்கண் வீரனின் கவசத்தை நோக்குவோர் அதன் வரலாற்றையும் நோக்குதல் தகும். ஸ்ரான் லீ, ஜாக் கேர்பி ஆகிய இருவரும் படைத்த கருஞ்சிறுத்தை, ‘பன்டாஸ்டிக் போர்’ என்னும் சித்திரக்கதை இதழின் 52ஆம் இலக்கத்தில், 1966ஆம் ஆண்டு யூலை மாதத்துக்குரிய வெளியீட்டில், முதன்முதலாகத் தோன்றினான். அமெரிக்காவின் பெருவழக்கான சித்திரக்கதைகளில் இடம்பெற்ற முதற் கறுப்பின அதிமானிட வீரன் அவனே. அன்று அவன் அணிந்தது உடலோடு ஒட்டிய வெறுங் கருநிற உடை. ஆபிரிக்க மன்னன் என்று கதை கூறிற்றேயன்றி, ஆடை அதனைக் கூறவில்லை. ‘கப்டன் அமெரிக்கா: சிவில் வோர்’ (2016) என்னும் படத்தில் இவ்வீரன் முதலில் திரைக்கு வந்தபோதும், அவன் கவசம் வெள்ளிக் கோடுகள் ஓடிய போர்க்கருவியாகவே காட்சியளித்தது.

ரூத் காட்டர் செய்த மாற்றம் சிறிது; அதன் பயனோ பெரிது. புதிய கவசத்தின் மேற்பரப்பு முழுவதும் சிறு முக்கோணங்கள் புடைப்பாகப் பரவியிருக்கின்றன. ஆபிரிக்கக் கலைகளிற் பரவலாகக் காணப்படும் வடிவம் முக்கோணம். பானையிலும் கூடையிலும் மணிவேலையிலும் வீட்டுச் சுவரிலும் அதனைக் காணலாம். காட்டர் இதனை ஒக்கவாங்கோ முக்கோணம் என்று பெயரிட்டு வழங்கினார். ஒக்கவாங்கோ என்பது போட்ஸ்வானா நாட்டில் கடலை அடையாமல் நிலத்திலே விரிந்து பரவும் ஆற்றின் பெயர். இம்முக்கோணங்களால் கவசம் ஆலையில் வார்த்த உலோகம் போலன்றி, கையால் நெய்த துணி போலவும் செதுக்கிய மரம் போலவும் தோற்றுகிறது. படைவீரன் கவசம் அரசனின் ஆடையாக மாறிவிடுகிறது. ஆபிரிக்காவின் பல பகுதிகளில் சிறுத்தை அரசுரிமையின் சின்னம் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. சூலு மன்னர் சிறுத்தைத் தோலைப் பூணுவர். பெனின் அரசின் கலைகளில் சிறுத்தை மன்னனைக் குறித்து நிற்கும். கருஞ்சிறுத்தை என்பது வேறொரு விலங்கன்று. கருமை மிகுந்து பிறந்த சிறுத்தையேயாகும்.

ஏனைய அதிமானிட வீரருக்கும் இவனுக்கும் உள்ள வேறுபாட்டை இக்கவசமே உணர்த்துகிறது. அமெரிக்கச் சித்திரக்கதைகளின் வீரர் பலருக்கு உடை என்பது தம்மை மறைக்கும் கருவி. பகலிற் சாதாரண மனிதராய் இருப்போர் இரவில் முகமூடி தரித்து வேறொருவராகின்றனர். டிசாலாவுக்கோ கவசம் மறைப்பு அன்று, அது பதவி. தந்தைக்குப்பின் மகன் ஏற்கும் கடமையை அது காட்டுகிறது. ஆதலின், அவன் முடிசூடுமுன் நீர்வீழ்ச்சியடியில் அறைகூவுவோரோடு பொரும்போது, வைபிரேனியக் கவசமும் இல்லை. சிறுத்தையின் வலிமையும் அவனிடமிருந்து நீக்கப்படுகிறது. பதவிக்குரிய ஆடையை அணியுமுன், அவ்வாடையின்றித் தன் தகுதியைக் காட்ட வேண்டும் என்பது அம்மரபின் கருத்து.

தங்கை சூரி புதிய கவசங்கள் இரண்டை அவன்முன் வைக்கும் காட்சி இதனினும் நுட்பமானது. பொன்னிறம் விளங்கும் ஒன்று, எளிமையான மற்றொன்று. பிறர் கண்ணை ஈர்ப்பது தன் நோக்கமன்று என்று கருதி, எளிமையானதையே டிசாலா தெரிந்தெடுக்கிறான். அவன் விலக்கிய பொற்கவசத்தையே பின்னர் கில்மொங்கர் அணிகிறான். இருவரின் குணவேறுபாட்டை விளக்க வேறு உரையாடல் வேண்டுவதில்லை. அதே காட்சியில், மரபை மதித்து மன்னன் அணிந்துவந்த திறந்த பாதணிகளைக் கண்டு சூரி நகைக்கிறாள். மரபும் புதுமையும் ஒரே குடும்பத்தில் எவ்வாறு உரசிக்கொள்கின்றன என்பதை ஒரு சோடிப் பாதணி காட்டிவிடுகிறது.

அடுத்து, மன்னனைக் காக்கும் டோரா மிலாஜே என்னும் பெண்படையைக் காணலாம். இவர்களது உடையின் செந்நிறமும் மணிவேலையும் மசாய் மக்களை நினைவூட்டுவன. கழுத்திலும் கையிலும் அடுக்கிய உலோக வளையங்கள் என்டெபெலே மக்களுக்குரியன. தலைவி ஒக்கோயேயின் வளையங்கள் பொன்னிறம், ஏனையோருடையன வெள்ளிநிறம். என்டெபெலே வழக்கில் பித்தளையாலும் செம்பாலும் இயன்ற இவ்வளையங்களை மணமான பெண்கள் அணிவர். கணவன்மாட்டு மனைவி கொண்ட பற்றுறுதியை அவை குறிக்கும். படத்திலோ இவை மனைவியரின் அணியல்ல, போர்மகளிரின் அணி. இங்கே குறியீடு சிதைந்துவிட்டதோ என ஐயுறுவோர் இருக்கலாம்.

அவ்வையத்துக்குக் கதையே விடை தருகிறது. 1998ஆம் ஆண்டு கிறிஸ்தோபர் பிறீஸ்ற் எழுதிய சித்திரக்கதையில் முதலிலே தோன்றிய டோரா மிலாஜே, பெயரளவில் மன்னனுக்கு மனைவியராதற்குரியவராகவே வைக்கப்பட்டிருந்தனர். திரைப்படம் அந்நிலையை முற்றாக அகற்றிவிட்டது. உடலைக் காட்டும் உடைகளும் உயர்ந்த குதியுடைய பாதணிகளும் போயின. போரிடுவதற்கேற்ற உடையும் தட்டையான பாதணியும் வந்தன. மனைவியின் பற்றுறுதியைக் குறித்த வளையம், அரியணைக்குக் கட்டுப்பட்ட வீராங்கனையின் பற்றுறுதியைக் குறிக்கலாயிற்று. அப்பற்றுறுதியே ஒக்கோயேயின் துன்பத்துக்கும் காரணமாகிறது. கில்மொங்கர் முறைப்படி அரியணையை வென்றபின், உள்ளம் ஒப்பாதபோதும் அவள் அரியணையை விட்டு நீங்குவதில்லை. பின்னர்த் தன் காதலன் வக்காபியை எதிர்த்துப் படைக்கலம் ஏந்தும் நிலையிலும், நாட்டின் பொருட்டுக் காதலை ஒதுக்கத் துணிகிறாள். கழுத்து வளையம் அவள் செயலால் பொருள் பெறுகிறது. குறியீடு தன் மண்ணைவிட்டு வந்தும் இங்கே வேர்கொண்டுவிட்டது.

அவளது மழித்த தலையும் இவ்வாறே. தென்கொரியாவின் பூசான் நகரில் மாற்றுருவில் செல்லும்போது அவள் பொய்ம்முடி அணிய நேர்கிறது. அதனை அவள் இழிவாகக் கருதுகிறாள். சண்டை மூண்டதும் அதனைக் கழற்றி எதிரியின் முகத்தில் எறிகிறாள். அவையோர் சிரிக்கின்றனர். ஆயின் அச்சிரிப்பினுள்ளே பெரியதொரு கருத்து அடங்கியிருக்கிறது. கறுப்பினப் பெண்ணின் தலைமுடி அயலாரின் அழகிலக்கணத்துக்கு அடங்கியிருக்க வேண்டும் என்று நெடுங்காலம் விதிக்கப்பட்டிருந்தது. அவ்விதி படைக்கலமாக மாறி எறியப்படுகிறது.

அரசியன்னை ரமொண்டாவின் முடியும் கருதத்தக்கது. மேல்நோக்கி வட்டமாக விரியும் அம்முடி, சூலு மக்களின் மணமான பெண்கள் அணியும் இசிச்சோலோ என்னும் தலையணியைத் தழுவியது. மறைந்த மன்னனின் மனைவியும் புதிய மன்னனின் தாயுமாகிய அவளுக்கு இது பொருந்துவதே. ஆனால் இம்முடி புல்லாலோ நூலாலோ பின்னப்பட்டதன்று. ஜூலியா கேர்ணர் என்னும் வடிவமைப்பாளர் கணினியில் வரைந்து, முப்பரிமாண அச்சுப்பொறியாற் செய்வித்தது. மரபுப் பொருளை எந்திரத்தில் அச்சிடுதல் மரபுக்குப் பகையன்றோ என்பார்க்கு, இசிச்சோலோவின் வரலாறே மறுமொழியாகும். அது தொடக்கத்தில் தலையணியே அன்று. பெண்கள் தம் கூந்தலையே செங்காவியும் கொழுப்பும் பூசி அமைத்த கொண்டை. பின்னரே அது கழற்றி மாட்டும் தலையணியாயிற்று. கூந்தல் கூடையாக மாறியபோது மரபு அழியவில்லையாயின், கூடை கணினி வடிவாக மாறும்போதும் அது அழிய வேண்டியதில்லை.

எல்லாக் குறியீடுகளும் இவ்வாறு வெற்றி பெற்றன எனல் பொருந்தாது. மன்னன் முன் கூடும் மூத்தோர் அவையில், ஆற்றங்கரைக் குடியின் தலைவர் பச்சைநிற மேனாட்டு அங்கியும் கீழிதழில் பெருந்தட்டும் அணிந்து வீற்றிருக்கிறார். இதழ்த்தட்டு எதியோப்பியாவின் ஓமோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் வாழும் முர்சி, சூரி மக்களின் வழக்கம். அங்கே அதனை அணிவோர் பெண்கள். படத்தில் அது ஆடவர் ஒருவர்க்கு உரியதாக்கப்பட்டது. அம்மாற்றத்துக்குக் கதையில் யாதொரு காரணமும் இல்லை. நவீன அங்கியையும் இதழ்த்தட்டையும் ஒருவரே நாணமின்றி அணியக் கூடும் என்பதைக் காட்டுதலே நோக்கம் என்று இதற்கு அமைதி கூறலாம். அவ்வமைதியில் உண்மை உண்டு. காட்சியும் கண்ணைக் கவர்வதே. எனினும் அவ்விதழ்த்தட்டு கதையில் எதனையும் செய்யவில்லை. யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தவில்லை. காணப்படுதலொன்றே அதன் தொழில். இதற்கு மாறாக, அதே அவையில் அமர்ந்திருக்கும் சுரங்கக் குடியின் மூதாட்டி, ஹிம்பா பெண்களைப் போலச் செங்காவியும் கொழுப்பும் கலந்த பூச்சைக் கூந்தலில் தரித்திருக்கிறார். காவி என்பது நிலத்தை அகழ்ந்து பெறும் பொருள். நிலத்தை அகழ்ந்து வாழும் குடிக்கு அது உரிய அணியே. ஒரே அவையில் ஒரு குறியீடு பொருளோடு பொருந்துகிறது. மற்றொன்று அழகோடு நின்றுவிடுகிறது.

பலவினக் குறியீடுகளை இவ்வாறு ஒன்றாகக் கலத்தல் முறையாகுமா என்னும் வினா எஞ்சுகிறது. ஹொலிவூட்டுக்கு இக்கலப்புப் புதியதன்று. 1932ஆம் ஆண்டு வெளிவந்த தார்சான் படத்திலும் அதன் வழிவந்த படங்களிலும் ஆபிரிக்கர் எவ்வினத்தவர் என்பதே தெரியாதவாறு இறகும் எலும்பும் தோலும் சூட்டப்பட்டுத் திரையில் ஓடினர். அது அறியாமையாலும் இகழ்ச்சியாலும் விளைந்த கலப்பு. ‘பிளாக் பாந்தர்’ படத்தின் கலப்போ ஒவ்வொன்றின் ஊரும் பேரும் அறிந்து செய்தது. ஆயினும், அறிந்து செய்தமை ஒன்றே அதற்குப் போதிய நியாயமாகாது. அதனினும் ஆழ்ந்த நியாயம் ஒன்று படத்தினுள்ளேயே உண்டு. அதனைக் கில்மொங்கரின் வாயிலாகவே காணலாம்.

இலண்டனில் உள்ள அருங்காட்சியகத்தில் கில்மொங்கர் முதலில் நன்கு அறிமுகமாகிறான். கண்ணாடிப் பேழைகளில் மேற்காபிரிக்கப் பொருள்கள் அடுக்கப்பட்டுள்ளன. அவை உம் முன்னோர்க்கு எவ்வாறு கிடைத்தன என்று அவன் அங்குள்ள அலுவலரை வினவுகிறான். வைபிரேனியத்தாலான படைக்கலத்தைக் கவர்ந்து செல்லும்போது, கொம்புகளையுடைய முகமூடி ஒன்றையும் எடுத்துக்கொள்கிறான். அம்முகமூடி நைஜீரியாவின் இக்போ மக்களது முகமூடிகளைத் தழுவியது. அது வைபிரேனியத்தாலானதன்று, அதனால் அவனுக்கு ஊதியம் ஒன்றுமில்லை. ஏதோ ஓர் உணர்வு உந்தவே எடுக்கிறான். அம்முகமூடியை எவ்விழாவில், எக்குடியினர், எப்பாட்டோடு அணிவர் என்பதை அவன் அறிந்ததாகப் படம் யாண்டும் காட்டவில்லை. அவன் உடலில் நிறைந்திருக்கும் தழும்புகளும் அத்தகையனவே. ஆபிரிக்க இனங்கள் பலவற்றில் குடியையும் பருவத்தையும் அழகையும் குறிக்கும் தழும்பு, அவன் மேனியில் கொன்றவர் தொகையைக் குறிக்கும் கணக்காகிவிட்டது. வழக்கம் கைக்கு எட்டியும் வழக்கத்தின் பொருள் எட்டாமற்போனவனின் உடல் அது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு இதன் கருத்து விளங்காமற் போகாது. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டோரின் மொழியும் குலப்பெயரும் ஊர்ப்பெயரும் அழிக்கப்பட்டன. தம் முன்னோர் இக்போ மக்களா, யொரூபா மக்களா, வேறெவரா என்பதை அவர் வழித்தோன்றல்களுட் பலர் கூறவியலாதவராயினர். ஒரூரைத் தாயூர் எனச் சுட்டமாட்டாதார்க்குக் கண்டம் முழுவதுமே தாயூராயிற்று. பூசான் நகர்ச் சூதாட்ட மண்டபத்தினுள் டிசாலா கருநிறத்திலும், ஒக்கோயே செந்நிறத்திலும், நக்கியா பச்சை நிறத்திலும் ஆடையணிந்து நுழைகின்றனர். கருமை, செம்மை, பசுமை என்னும் இம்மூன்றும் 1920ஆம் ஆண்டு மார்கஸ் கார்வி தலைமை தாங்கிய இயக்கம் கறுப்பின மக்கள் அனைவருக்கும் உரியதென அறிவித்த கொடியின் நிறங்கள். அவ்வறிவிப்பு நிகழ்ந்தது ஆபிரிக்காவில் அன்று, நியூயோர்க் நகரில். ஆகவே, வகாண்டாவின் கலப்பு ஆடை ஆபிரிக்காவின் எவ்வூர் ஆடையும் அன்றாயினும் பொய்யாடை அன்று. ஆபிரிக்காவைத் துண்டுதுண்டாகவே திரும்பப் பெறக்கூடிய மக்களின் மெய்யான ஆடை அது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, இப்படத்தின் ஆடைகளுள் ஒன்று படத்தின் அடிப்படைக் கற்பனையையே மறுத்து நிற்கிறது. எல்லைக் காவலராகிய வக்காபியும் அவன் குடியினரும் தோளிற் போர்த்திருக்கும் கம்பளமே அது. போரின்போது அக்கம்பளத்தை முன்னே நீட்டியதும் அது கேடயமாகிறது. இக்கம்பளம் லெசோத்தோ நாட்டின் பசோத்தோ மக்களுக்குரியது. பிறப்பு, பருவமெய்தல், திருமணம் முதலிய வாழ்க்கைச் சடங்குகளோடெல்லாம் பிணைந்தது. ஆயின் அதன் தோற்றம் யாது? பண்டு பசோத்தோ மக்கள் விலங்குத் தோலையே போர்த்தினர். 1860ஆம் ஆண்டளவில் மன்னர் மொஷ்வேஷ்வேக்கு ஐரோப்பியர் ஒருவர் கம்பளம் ஒன்றைப் பரிசளித்தார் என்பர். மன்னர் அதனை விரும்பி அணியவே மக்களும் அணியலாயினர். அக்கம்பளங்கள் பிரித்தானிய ஆலைகளில் நெய்யப்பட்டு வந்தவை. அவற்றிற் பெருவழக்கான சோளக்கதிர்ச் சித்திரமும், அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஆபிரிக்காவுக்கு வந்த பயிரின் சித்திரமே. டோரா மிலாஜே அணியும் மணிவேலையின் கதையும் இதுவே. வெனிஸ் முதலிய ஐரோப்பிய நகர்களிலிருந்து வணிகர் கொணர்ந்த கண்ணாடி மணிகளைக் கொண்டே ஆபிரிக்க மணிவேலைகள் பல வளர்ந்தன.

அயலார் கால்படாத நாட்டின் காவலன், அயலார் ஆலையிற் பிறந்த கம்பளத்தைப் போர்த்து நிற்கிறான். படைப்பாளர் எண்ணியோ எண்ணாமலோ நிகழ்ந்த முரண் இது. இதனைக் குற்றமென ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் ஆழ்ந்து நோக்கின், கதை கூறும் பெருமையினும் கம்பளம் கூறும் பெருமை பெரிதென்பது புலனாகும். ஒருவராலும் தீண்டப்படாத தூய மரபு ஒன்று உண்டு என்று வகாண்டாவின் கதை கூறுகிறது. அத்தகைய மரபு உலகில் எம்மக்களுக்கும் வாய்த்ததில்லை. கம்பளமோ வேறொன்று கூறுகிறது. மலைநாட்டில் நெருக்குண்டிருந்த சிறிய மக்கட் கூட்டமொன்று, வந்த பொருளை வாங்கி, அதற்குத் தன் சித்திரத்தையும் தன் சடங்கையும் தன் பொருளையும் ஊட்டி, எவரும் ஐயுறாவண்ணம் தனதாக்கிக்கொண்டது. 1868ஆம் ஆண்டு பிரித்தானியப் பாதுகாப்பின்கீழ் வந்த அந்நாடு, 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் விடுதலை பெற்றது. ஒக்கவாங்கோ ஆறு பரவும் போட்ஸ்வானா அதற்குச் சில நாள்களின் முன், செப்டெம்பர் இறுதியில், விடுதலை பெற்றது. கருஞ்சிறுத்தை அமெரிக்கத் தாளில் முதலில் வரையப்பட்டு வெளிவந்ததும் அதே ஆண்டிலேயே. கற்பனையில் ஒருபோதும் அடிமைப்படாத நாடு பிறந்த ஆண்டில், அடிமைப்பட்டிருந்த இரு நாடுகள் மெய்யாகவே விடுபட்டன. அரை நூற்றாண்டின்பின் அவ்விரு நாடுகளின் பெயரும் பொருளும் அக்கற்பனை வீரனின் கவசத்திலும் அவன் காவலனின் தோளிலும் வந்து சேர்ந்தன.

இறுதிப் போரில் கருங்கவசமும் பொற்கவசமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. இரண்டும் ஒரே கையாற் செய்யப்பட்டவை. ஒரே விலங்கின் வடிவின. ஆடையே அரசனை ஆக்குமாயின், அங்கே அரசர் இருவர் இருத்தல் வேண்டும். சுரங்கத்துத் தொடர்வண்டி கடக்கும்போதெல்லாம் வைபிரேனியத்தின் ஆற்றல் குன்றிக் கவசம் விலகுகிறது. உள்ளிருக்கும் உடல் வெளிப்படுகிறது. கில்மொங்கருக்குச் சாவைத் தரும் காயமும் கவசம் திறந்த கணத்திலேயே நேர்கிறது. அதன்பின் டிசாலா, கில்மொங்கர் பிறந்து வளர்ந்த ஓக்லன்ட் நகரத்துக்குச் சாதாரண உடையிலே செல்கிறான். வகாண்டாவின் அறிவைப் பிறரோடு பகிர்வதற்கான நிலையமொன்றை அங்கே நிறுவப்போவதாகத் தங்கையிடம் கூறுகிறான். கவசத்தின் சிறப்பை இத்துணை விரிவாகக் காட்டிய படம், தலைவனின் மிக உயர்ந்த செயலைக் கவசமின்றியே நிகழ்த்திக் காட்டுகிறது.

டிசாலாவாக நடித்த சாட்விக் போஸ்மன் 2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் காலமானார். 2022ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் படம் அவ்விழப்பையே தன் கதைப்பொருளாகக் கொண்டது. அதன் தொடக்கத்தில் வகாண்டா மக்கள் வெண்ணிற ஆடையணிந்து தம் மன்னனை வழியனுப்புகின்றனர். அங்கே நடிப்பையும் நடிகருக்கான துயரையும் ஆடை பிரித்துக்காட்டவில்லை. அப்படத்துக்காக ரூத் காட்டர் 2023ஆம் ஆண்டு இரண்டாம் முறையும் ஒஸ்கார் பெற்றார்.

அணி பொருளோடு பொருந்திய இடங்களும் பொருந்தாத இடங்களும் இப்படத்தில் உண்டு. அவற்றை வேறுபடுத்திக் காணுதலே நேரிய மதிப்பீடு. அழகுக்காக மட்டும் வைக்கப்பட்ட இதழ்த்தட்டு விரைவில் மறக்கப்படலாம். ஒக்கோயேயின் வளையமும் ரமொண்டாவின் முடியும் வக்காபியின் கம்பளமும் அவ்வாறு மறக்கப்படுவன அல்ல. அவற்றை அணிந்தோர் அவற்றுக்கேற்ப நடந்தனர், அல்லது நடக்கத் தவறித் துன்புற்றனர். ஒரு மக்களின் ஆடையை மதித்தல் என்பது அதனைத் தூய்மையாகக் கண்ணாடிப் பேழையில் வைத்தல் அன்று. அதனை அணிந்தவர் என்ன செய்ய வேண்டியவர் என்பதை மறவாதிருத்தலே அம்மதிப்பாகும்.